நோவில்லாத முதல் நோயாளி

காய்ச்சலில் படுத்திருக்கிறீர்கள், எதிரே ஒரு பொடி டாக்டர் வந்து நிற்கிறான். அவனுக்கு வேலை தெரியுமா தெரியாதா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? படிப்பை வைத்தா? கழுத்தில் தொங்கும் குழாயை வைத்தா? கொல்லிமலைக்கு வரும்வரை எனக்கு இந்தக் கேள்வியே தோன்றியதில்லை. தோன்றியபோது அந்தப் பொடி டாக்டர் நானாக இருந்தேன்.

பரீட்சை முடிந்ததும் பயிற்சிக்கென்று கொல்லிமலையின் ஒரு பகுதியான பைல் நாட்டில், மலைக்காய்ச்சல் முகாமில் என்னைத் தூக்கிப் போட்டார்கள். என் வேலையை நேரில் பார்த்துக் கையெழுத்துப் போடப் பெரிய டாக்டர் ஒருவர் புளியஞ்சோலை வழியாக மூச்சு வாங்க ஏறி வந்தார். அவர் கையெழுத்து விழாவிட்டால் நான் டாக்டரே இல்லை. உலக யுத்தக் காலம் வேறு, மருந்து வரத்து இல்லை. மலைக்காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினா ஒரு டப்பாதான் மிச்சம்.

முதலில் வந்த ஆள் தேக்கு மரம் மாதிரி இருந்தார். பாயில் படுத்து முனகினார்.

"ஏனுங்க, ஒடம்பெல்லாம் குளுருதுங்க. வவுறு வேற இழுத்துப் புடிக்குது."

நாடி, நாக்கு, கண்ணிமை எல்லாம் பார்த்தேன். இடது விலாவுக்குக் கீழே விரலை அழுத்தி, மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று தேடினேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. சூடும் இல்லை. எனக்குக் கிடைத்ததிலேயே அழகான ஆரோக்கியம் அது.

"என்னப்பா, கொயினா குடுக்கலையா?" என்றார், ஓரமாக உட்கார்ந்திருந்த பெரிய டாக்டர்.

உத்தரவா, தூண்டிலா? அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"தேவையில்ல சார்," என்று சொல்லிவிட்டுப் படுத்திருந்தவரிடம் திரும்பினேன். "உங்களுக்கு ஒரு நோவும் இல்லீங்க. எந்திரிச்சுப் போங்க."

காத்திருந்த கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் கையைத் தட்டி, "சரி, இனி நோவு இருக்கறவங்க வாங்க!" என்றார்.

"இது என்ன கூத்துங்க?" என்றேன் அவரிடம்.

"எந்த டாக்டரு வந்தாலும் மொதல்ல இவனத்தான் படுக்க வெப்பமுங்க. காச்சலே அண்டாத ஒடம்பு. இவனுக்கு மருந்து குடுத்தா, அந்த டாக்டருகிட்டப் புள்ளைங்களக் கூட்டியாரமாட்டம்."

"தொட்டே பாக்காம ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டா?"

"அதும் ஆவாதுங்க சாமி. அப்படிச் சொன்ன டாக்டருங்க ரெண்டு பேரு வந்த வழியே எறங்கிப் போயிட்டாங்க."

எங்கள் காலேஜில் இப்படி ஒரு பரீட்சை யாருக்கும் தோன்றவில்லையே! யார் ஆரம்பித்தது, எத்தனை பேர் தேறினார்கள் என்று நான் துருவிக்கொண்டிருந்தபோதே, தேக்கு மர ஆசாமி எழுந்து வேட்டியை உதறியபடி பெரிய டாக்டரை உற்றுப் பார்த்தார்.

"ஏனுங்க, இவரு முன்ன ஒருக்கா வந்தவருதானுங்க! தலையெல்லாம் கறுப்பா இருந்துச்சு. ஒரு சீசா கசப்புத் தண்ணியக் குடுத்து, எங்காது ஙொய்யுனு கத்திக்கிட்டே கெடந்துச்சுங்க!"

கொயினா குடித்தால் காது இரையத்தான் செய்யும். சிரிப்பு டபுளானது. போச்சுடா, என் கையெழுத்து காலி என்று நினைத்தேன்.

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காது இப்ப கேக்குதா?"

"நல்லா கேக்குதுங்க. நீங்க குடுத்தது எதுக்குன்னுதான் இன்னும் வெளங்கல."

அவரே சிரித்துவிட்டார். அன்று முழுக்க இருந்து நான் வேலை செய்வதைப் பார்த்தார். உண்மையான காய்ச்சல் என்று வந்தவர்கள் நாலைந்து பேர்தான். அவர் கிளம்பும்போது, "சார், கையெழுத்து?" என்றேன்.

"இல்லாத நோயை இல்லைன்னு சொல்லிட்ட. நான் அதுல கோட்டை விட்டவன், அதனால உன்னை மெச்சிக்கறேன். இருக்கற நோயைக் கூட்டத்துக்கு நடுவுல கண்டுபிடிக்கறியான்னு தெரிய வேண்டாமா? மழையில காய்ச்சல் குவியும். அது முடியறவரைக்கும் இங்கயே இரு. அப்புறம் வந்து போடறேன்."

ஊர் பாஸ் போட்ட ஒருவனைப் பெரிய டாக்டர் பாக்கி வைத்தது சரியா? இரண்டில் எது கஷ்டமான பரீட்சை? யோசித்துக்கொண்டேதான் கொயினாவை எண்ணிக் கொடுக்கிறேன்.

மழை இன்னும் விடவில்லை.