நான் வாசித்துச் சொன்ன காகிதம்

என் இடது தொடை வலது தொடையைவிட நாலு சென்டிமீட்டர் மெலிந்திருக்கிறது. சித்தூரில் பிசியோதெரபி செய்யும் அக்கா போன வாரம் டேப் வைத்து அளந்தார். முதல் ஆபரேஷனுக்குப் பிறகு அளந்தபோது மூன்றுதான். "வந்துடும்மா, சதை வந்துடும்" என்று அப்போது சொன்னார். இந்த முறை நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, முழங்காலைக் கட்டிலோடு அழுத்தி, பத்து எண்ண வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு தடவை. இரண்டாவது முறையாக இதையே செய்துகொண்டிருக்கிறேன். முதல் முறை எண்ணும்போது ஒவ்வொரு பத்தும் எங்கேயோ கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று நம்பினேன். இப்போது வெறுமனே எண்ணுகிறேன்.

கான்ஸ்டபிள் வேலைக்கான எழுத்துத் தேர்வில் தேறிவிட்டு, உடல்தகுதித் தேர்வுக்காகத் திருப்பதியில் ஒரு மைதானத்தில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தேன். ஆயிரத்தறுநூறு மீட்டர் ஓட்டம் எனக்குப் பயமில்லை. பாகாலா பக்கம் எங்கள் ஊரிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு அந்தத் தூரத்தைவிட அதிகம் ஓடியவள். நீளம் தாண்டும்போதுதான் போனது. மழை பெய்து இறுகிக் கிடந்த மணலில் இடது கால் புதைந்து நின்றது, உடம்பு மட்டும் திரும்பியது. ஈரத்துணியைக் கிழித்தமாதிரி ஒரு சத்தம். முழங்காலுக்குள் இருக்கும் தசைநார் அறுந்துவிட்டது என்று ஸ்கேன் பார்த்துச் சொன்னார்கள். ஆனி மாதம் திருப்பதியில் ஆபரேஷன். தொடையின் பின்பக்கத்திலிருந்து ஒரு தசைநாரை எடுத்து, அறுந்த இடத்தில் வைத்துத் தைத்தார்கள்.

"ஆறு மாசத்துல நேர்கோட்டுல மெதுவா ஓடலாம், தொடையில பலம் வந்தா" என்றார் டாக்டர். தள்ளிப் போய்க்கொண்டிருந்த தேர்வு எப்படியும் தை மாதத்துக்கு முன்னால் வராது என்றார்கள். கணக்கு சரியாக வந்தது. அந்த ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டுதான் வாக்கரை ஊன்றி எழுந்தேன்.

ஊரில் பார்க்க வந்தவர்கள் வாசலிலேயே ஆரம்பித்துவிடுவார்கள். எதிர்வீட்டுப் பெரியம்மா, "எல்லாரும் ஏரியில வழுக்கிக் கால ஒடச்சிக்குவாங்க. இவ படிச்சிப் படிச்சி ஒடச்சிக்கினா" என்றாள். நைனா பாமாயில் பாக்கெட்டில் தண்ணீர் ஊற்றி உறையவைத்த ஐஸை என் காலில் கட்டிக்கொண்டே, "போலீசுக்குக் காலு எதுக்கு பெரிம்மா, ஜீப்பு குடுப்பாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் அந்தச் சிரிப்பு இறங்கவில்லை.

எங்கள் வீட்டில் எழுத்து தெரிந்த முதல் ஆள் நான். கரண்ட் பில், பட்டா புத்தகம், மாத்திரை அட்டை எல்லாம் என் கைக்குத்தான் வரும். மளிகைச் சாமான் கட்டி வரும் காகிதத்தைக்கூட அம்மா மடித்து எடுத்துவைப்பாள். "வேணுமான காயிதமா, வேணாததான்னு பாத்துச் சொல்லு, அப்பறம் அடுப்புல வெக்கிறேன்" என்பாள். ஹாஸ்டலிலிருந்து நான் வரும்வரை அந்தக் காகிதங்கள் அரிசி டப்பாவுக்கு அடியில் இருக்கும். நான் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துத் தீர்ப்பு சொல்வேன். எனக்கு அதில் பெருமை இருந்தது. சின்னப் பெருமை இல்லை.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்றபோது அம்மா ஒரு வேண்டுதல் வைத்திருந்தாள். கால் சரியானால், வருகிற புரட்டாசிச் சனிக்கிழமை நானும் அவளும் அலிபிரியிலிருந்து திருமலைக்கு நடந்தே ஏறி, ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பது. மூவாயிரத்துச் சொச்சம் படி. புரட்டாசி வந்தபோது ஆபரேஷன் ஆகி மூன்று மாதம்கூட முழுசாக ஆகவில்லை.

ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் காகிதத்தை அம்மா எடுத்துவந்து என் மடியில் வைத்தாள்.

"படி ஏறலாமா கூடாதா, இதுல என்னா போட்டுக்கீது? கூடாதுன்னா சொல்லு, அடுத்த புரட்டாசிக்குப் பாத்துக்கலாம். ஆனா வேண்டுதல முடிக்காம நீ ஓட்டத்துக்குப் போவக்கூடாது. காலு அவர் குடுத்தது."

அடுத்த புரட்டாசி என்றால் தேர்வு போய்விடும். அம்மா பிடித்த பிடி விடமாட்டாள்.

அந்தக் காகிதத்தை இங்கிலீஷிலேயே உரக்க வாசித்தேன். ஒரு வார்த்தையும் விடவில்லை. மறுபரிசோதனை முடியும்வரை படிக்கட்டு அதிகம் ஏறி இறங்கக்கூடாது, மண்டியிடக்கூடாது, காலை ஊன்றிக்கொண்டு திரும்பக்கூடாது என்று இருந்தது. அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இங்கிலீஷ் வாசிப்பதைக் கேட்பது அவளுக்குப் பிடிக்கும்.

"மெதுவா ஏறலாம்னு போட்டுக்கீது" என்றேன்.

"அவ்வளவு நீட்டு வாசிச்சியே, இவ்வளவுதானா?"

"இங்கிலீஷ்ல அப்டிதாம்மா, நீட்டிக்கினே போவாங்க."

அவள் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பீரோவில் வைத்தாள்.

விடியும்போது ஏற ஆரம்பித்தோம். அம்மா சொம்பில் மஞ்சளைக் கரைத்து எடுத்துக்கொண்டாள், நான் குங்குமம். இடது காலை நீட்டி வைத்து இடுப்பிலிருந்து மட்டும் குனிந்தேன். முழங்காலை மடக்காமல் செய்கிறேன் என்று எனக்கு நானே கெட்டிக்காரப் பட்டம் கொடுத்துக்கொண்டேன். முதல் சில நூறு படிகளில் நான் மறுபடி பழைய ஆள் என்று தோன்றியது. வழியில் இருக்கும் காலிகோபுரம் போய்ச் சேர்ந்தபோது முழங்கால் வீங்கி, அதில் கட்டியிருந்த பெல்ட்டைத் தள்ளிக்கொண்டிருந்தது. "போதும்டி, மீதியெல்லாம் நான் வெக்கிறேன், நீ சும்மா ஏறு" என்றாள் அம்மா. வேண்டுதலைப் பாதியில் விடுவேனா என்றேன். என் வாயால் வந்த பேச்சு அது.

நடுவில் சமதளம் போய், கடைசியில் மோகாளு மெட்டு வரும். செங்குத்தான படிகள். அங்கே மண்டி போட்டு முழங்காலாலேயே ஏறுவது வழக்கம். எனக்கு முன்னால் அம்மா சொம்பைக் கீழே வைத்துவிட்டு மண்டி போட்டாள். புடவை முழங்காலில் கிழிய, ஒரு படி, அடுத்த படி. என் முழங்காலுக்காக அவள் முழங்கால். அதைப் பார்த்துவிட்டு நான் நின்றுகொண்டு ஏற முடியாது என்று நினைத்தேன். நானும் மண்டி போட்டேன். வலித்தது, ஆனால் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது படியில் எழுந்திருக்கப் பாதத்தை ஊன்றினேன். யாரோ பூசிய மஞ்சள் ஈரமாக இருந்தது. பாதம் ஒரு பக்கம் போக, நான் இன்னொரு பக்கம் திரும்பினேன்.

இந்த முறை சத்தமே இல்லை. உள்ளே கட்டியிருந்த ஏதோ ஒன்று கழன்றுகொண்டது.

"வழுக்கிடுச்சி" என்று மட்டும் சொன்னேன். மிச்சப் படிகளை ஏறினேன். வரிசையில் நின்றேன். சாமி முன்னால் அம்மா அழுதாள். நான் எதையும் கேட்கவில்லை.

இரண்டு வாரம் வீக்கத்தைப் பாவாடைக்குள் மறைத்தேன். பிறகு நடக்கும்போதே முழங்கால் தானாக மடிய ஆரம்பித்தது. சித்தூருக்குப் போனோம். பிசியோதெரபி அக்கா என் காலை மடக்கி வைத்து, கெண்டைக்கால் எலும்பை இரண்டு கையாலும் பிடித்து முன்னால் இழுத்தார். மேசை டிராயர் மாதிரி வந்தது. வந்துகொண்டே இருந்தது. அவர் கையை எடுத்துவிட்டு, எங்கே போனீர்கள் என்று தெலுங்கில் கேட்டார். அம்மா திருமலைக்கு ஏறியதைச் சந்தோஷமாகச் சொன்னாள்.

"டிஸ்சார்ஜ் பேப்பர் பாக்கலியா? எவரு சதிவாரு?"

யார் வாசித்தது என்று கேட்கிறார். அம்மாவுக்குத் தெலுங்கு நன்றாகத் தெரியும்.

"எம் பொண்ணுதான். இங்கிலீஷு அவளுக்குத் தண்ணி பட்ட பாடு" என்றாள். பையிலிருந்து காகிதத்தை எடுத்தும் கொடுத்தாள்.

அக்கா அதை ஒவ்வொரு வரியாகத் தெலுங்கில் வாசித்தார். படிக்கட்டு. மண்டி. ஊன்றித் திரும்புவது. அம்மா காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. வாசித்து முடித்ததும், "ஏறலாம்னு எங்கயும் இல்லையா?" என்று கேட்டாள். கேட்டதற்கும் இல்லை என்று அவர் தலையாட்டியதற்கும் நடுவில் நான் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

பஸ்ஸில் காகிதம் அவள் மடியில் இருந்தது. பாகாலா தாண்டியபோது, "காலு போச்சேன்னு இல்ல" என்றாள். நைனாவிடம் இதை இன்றுவரை இரண்டு பேரும் சொல்லவில்லை. மறுபடி அறுந்துபோனதற்குத் தெய்வக் குத்தம் ஏதோ இருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அவரை அப்படியே நினைக்க விட்டிருக்கிறோம்.

தேர்வு வந்தது. ஹால் டிக்கெட்டும் வந்தது. அன்றைக்குக் காலை கட்டிலில் படுத்துக்கொண்டு, இப்போது ஓட ஆரம்பித்திருப்பார்கள், இப்போது இரண்டாவது சுற்று, இப்போது முடிந்திருக்கும் என்று எண்ணினேன். பிறகு துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்தேன்.

இரண்டாவது ஆபரேஷனில் வலது காலிலிருந்து தசைநார் எடுத்தார்கள். டிஸ்சார்ஜ் ஆன அன்று ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவில் என்னை உட்காரவைத்துவிட்டு, அம்மா எதிரே இருந்த மருந்துக் கடைக்குப் போனாள். மாத்திரைக்கு என்று நினைத்தேன். அவள் காகிதத்தை நீட்டினாள். கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார். அம்மா ஒரு இடத்தில் விரல் வைத்து மறுபடி கேட்டாள். அவர் மறுபடி வாசித்தார். அவள் மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்து, என் காலைப் பார்த்து, "மடக்காத, நீட்டியே வெய்யி" என்றாள்.

இனி ஓடுவேனா என்று டாக்டரிடம் கேட்டேன். முதலில் நடக்கலாம் என்றார்.

நேற்று நைனா வெல்லம் வாங்கிவந்தார். கட்டியிருந்த காகிதம் நிறைய எழுத்து. அம்மா அதைப் பிரித்து, வெல்லத்தை டப்பாவில் போட்டாள். காகிதத்தை ஒரு கணம் கையில் வைத்திருந்தாள். நான் கட்டிலில் எண்ணிக்கொண்டிருந்தேன், நூற்று இருபதோ என்னவோ. கையை நீட்டலாம் என்று நினைத்தேன். அவள் அதைக் கசக்கி அடுப்பில் வைத்தாள்.