பட்டன் தேயாத ஆறு டயர்கள்

எங்கள் ரூமில் எனக்குக் கோபக்காரன் என்று பெயர். குழம்பில் உப்பு குறைந்தால்கூடக் கத்துவேன் என்பார்கள். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஆறு டயர்களை நான் வெட்டிப் போட்டதையும் அந்தக் கணக்கில் சேர்த்து, ஏதோ ஒரு கோபத்தில் செய்துவிட்டான் என்று சொல்லும்போதுதான் எனக்கு நிஜமாகவே ரத்தம் கொதிக்கிறது. ஒவ்வொரு சக்கரமாக ஜாக்கி கொடுத்து, காற்றை இறக்கி, கழற்றி, வெட்டி முடிக்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. நடுவில் ஒரு தடவை தண்ணீர்கூடக் குடித்துவிட்டு வந்தேன். நிதானமாகச் செய்த வேலை அது.

நாமக்கல்லில் பன்னிரண்டு வருஷம் லாரி ஓட்டிவிட்டு இங்கே வந்தவன் நான். கட்டடம் கட்டுகிற கம்பெனி. வண்டிகள் நிற்கும் யார்டு ஷார்ஜாவில், நாங்கள் தங்கும் கேம்ப் சோனாப்பூரில். கேம்ப் ஆட்களைச் சைட்டுக்கு ஏற்றிப் போகும் பஸ்கள்தான் யார்டில் அதிகம். அவற்றுக்கு நடுவே முதலாளியின் கேரவன் ஒன்று நிற்கும். ஊரில் சினிமா நடிகர்கள் ஷூட்டிங்கில் உட்காருகிற வண்டி மாதிரி, ஆனால் இதில் ஒரு குடும்பமே தூங்கலாம், சமைக்கலாம், குளிக்கலாம். குளிர் தொடங்கியதும் வாரக் கடைசிகளில் முதலாளி பெண்டு பிள்ளைகளோடு பாலைவனத்தில் போய்த் தங்குவார். அதை ஓட்டுவது என் வேலை. மற்ற நாட்களில் யார்டில் சொன்னதைச் செய்வேன். டிரைவர் யாராவது லீவு போட்டால் பஸ்ஸும் ஓட்டுவேன்.

வெயில் காலம் முழுக்க அந்தக் கேரவன் நின்ற இடத்திலேயே நிற்கும். அந்த வருஷம் சீசன் தொடங்குவதற்கு முன்னால் டயர் எப்படி இருக்கிறது என்று ஒர்க்‌ஷாப் பொறுப்பாளர் என்னைக் கேட்டார். அவரும் எங்கள் பக்கத்து ஆள்தான், சங்ககிரிக்காரர். நான் குனிந்து டயரில் விரலை விட்டுப் பார்த்தேன். பட்டன் அப்படியே புதுசாட்டம் இருக்குதுங்ணா என்றேன். இத்தனை வருஷத்தில் நான் பேசியதிலேயே கேடுகெட்ட பேச்சு அதுதான்.

லாரிக்காரன் புத்தி அப்படி. டயரின் மேல்பக்கத்து மேடு பள்ளத்தைத்தான் பட்டன் என்போம். பட்டன் இருந்தால் டயருக்கு உயிர் இருக்கிறது. தேய்ந்துவிட்டால் மேலே புதிதாகப் பட்டன் ஒட்டி இன்னொரு சுற்று ஓட்டுவோம். டயரின் வயதை யாரும் கேட்டதில்லை. நாமக்கல் லாரியில் ஒரு டயர் கிழடாகும்வரை சும்மா நின்றால்தானே கேட்பதற்கு.

முதலாளி என் பேச்சை நம்பவில்லை, நல்லவேளை. எதற்கும் கடையில் காட்டு, சரியில்லையென்றால் மாற்று, விலையைப் பார்க்காதே, அதில் என் பிள்ளைகள் தூங்குவார்கள் என்றார். தகப்பன் பேசுகிற பேச்சு. அவர்மேல் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை.

டயர் கடை வைத்திருந்தவர் கீழக்கரை பாய் ஒருவர், என் வயதுதான் இருக்கும். அவர் பட்டனைத் தொடவே இல்லை. டயரின் பக்கவாட்டில் துணியால் துடைத்து, அங்கே அச்சடித்திருந்த நாலு எண்களைக் காட்டினார். முதல் இரண்டு எண் எந்த வாரம், அடுத்த இரண்டு எண் எந்த வருஷம். டயர் பிறந்த தேதி. ஆறு டயருக்கும் ஆறு வயது முடிந்திருந்தது. பக்கவாட்டில் முடி முடியாக வெடிப்பு ஓடியிருந்தது. நான் சாதாரண வெடிப்புதானே என்ற மாதிரி நின்றேன். அவருக்கு என் முகம் பிடிக்கவில்லை போலிருக்கிறது. வண்டியின் முதுகில் வெயிலில் தொங்கிய ஸ்டெப்னியை இறக்கி என் கண் முன்னால் வெட்டினார். ஒரு நாள்கூட ரோட்டைத் தொடாத டயர் அது. உள்ளே ரப்பர் காய்ந்த ரஸ்க் மாதிரி உதிர்ந்தது.

அதற்கப்புறம் அந்த வேலையை நான் ஒழுங்காகச் செய்தேன், அதையும் சொல்லத்தான் வேண்டும். கேரவனில் தண்ணீர் டேங்கை நிரப்பி, ஜெனரேட்டர், கேஸ் சிலிண்டர், கம்பளம், கறி சுடும் அடுப்பு, கரி மூட்டை எல்லாவற்றையும் ஏற்றி, பாலைவனத்துக்குப் போகிற நாளில் எப்படி இருக்குமோ அப்படியே எடை மேடைக்குக் கொண்டுபோனேன். லாரி என்றால் லோடு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும், டயருக்குக் கொஞ்சம் மூச்சு கிடைக்கும். கேரவனுக்கு அந்த ஓய்வு கிடையாது, வீட்டையே சுமந்து நிற்கிற வண்டி. முன்பக்கம் தனியாக, பின்பக்கம் தனியாக, இடது வலது தனியாக எடை போட்டேன். டேங்கும் ஜெனரேட்டரும் ஒரே பக்கம் இருந்ததால் பின் வலது பக்கம் அமுக்கியது. பழைய டயர்களில் அச்சடித்திருந்த சுமை எண் அந்தக் கனத்துக்குப் போதவே போதாது.

பாய் மூன்று வகை காட்டினார். ஒன்று பார்க்க அழகு, பட்டன் ஆழம், சுமை எண் குறைவு. ஒன்றில் சுமை எண் சரி, ஆனால் குடோனிலேயே இரண்டு வருஷம் கிடந்தது. மூன்றாவது அந்த வருஷமே செய்தது, சுமை எண்ணும் தாராளம். ஸ்டெப்னியோடு சேர்த்து மூன்றாவதில் ஏழு எடுத்தேன். மாற்றச் சொல்லிப் பொறுப்பாளர் ஆபீசுக்கு ஒரு தாள் எழுதினார். பழைய டயர்கள் ஓட்டத் தகுதியில்லாதவை என்று அதில் ஆங்கிலத்தில் இருந்தது. கீழே அவர் கையெழுத்து. கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்தான்.

மாற்றி முடித்ததும், கழற்றிய ஆறையும் வெட்டிப் போடக் கட்டரை எடுத்தார் பாய். அங்கே அது வழக்கம். ஆகாத டயரை முழுசாக வெளியே விட மாட்டார்கள்.

“முழுசா கெடந்தா எவனாச்சும் மாட்டுவான்ணே. வெட்டிட்டா நமக்கும் நிம்மதி” என்றார்.

வேண்டாம் என்று தடுத்தேன். பொறுப்பாளர் பழையதை யார்டுக்குக் கொண்டு வரச் சொல்லியிருந்தார் என்பது ஒரு காரணம். பார்க்கிங்கில் மண்ணில் பாதி புதைத்து வரிசை கட்டுவார்கள், அதற்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அதுவல்ல நிஜமான காரணம். அவ்வளவு பட்டன் இருக்கிற டயரை வெட்டுவதைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. ஸ்டெப்னி உதிர்ந்ததைப் பார்த்த அதே கண்ணால் பார்த்துக்கொண்டே, ஆறையும் முழுசாக வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். எது எந்தச் சக்கரத்தில் இருந்தது என்று மஞ்சள் சாக்கட்டியால் தமிழில் எழுதியிருந்தேன். அதைக்கூட அழிக்கவில்லை.

இரண்டு வாரம் போயிருக்கும். எங்கள் ரூம் ஆட்கள் போகும் பஸ்ஸின் டிரைவர் லீவு போட்டார். காலையில் நான் ஓட்டினேன். முப்பது பேர். அதில் அரியலூர்க்காரத் தம்பி ஒருவன், டைல்ஸ் மேஸ்திரி, என் கட்டிலுக்கு மேல் கட்டில். எப்போதும் பின் வலது சக்கரத்துக்கு மேலே இருக்கிற சீட்டில்தான் உட்காருவான். அந்தச் சீட் கொஞ்சம் உயரம், ஜன்னலில் தலையைச் சாய்த்தால் சைட் வரும்வரை தூங்கலாம் என்பான். பெரிய ரோட்டில் மற்ற பஸ்கள் போகும் வேகத்தில்தான் நானும் போனேன். சைட்டில் எல்லோரையும் இறக்கிவிட்டு, பழக்கத்தில் பஸ்ஸைச் சுற்றி வந்தேன். பின் வலது டயரில் மஞ்சள் எழுத்து பாதி அழிந்து தெரிந்தது. என் கையெழுத்து.

மிச்சச் சக்கரங்களையும் பார்த்தேன். ஆறும் அங்கேதான் இருந்தன. கேரவனும் அந்தப் பஸ்ஸும் ஒரே அளவு டயர்.

காலிப் பஸ்ஸை ரோட்டின் ஓரத்து லேனில் உருட்டிக்கொண்டே யார்டுக்கு வந்தேன். பின்னால் வந்தவனெல்லாம் ஹாரன் அடித்தான். அடிக்கட்டும் என்று விட்டேன்.

பொறுப்பாளர் அப்போதுதான் டீ குடித்துக்கொண்டிருந்தார். அந்த டயரை எப்படிங்ணா பஸ்ஸில் மாட்டினீர்கள் என்று கேட்டேன். பஸ்ஸின் பழைய டயர் மொட்டையாகிவிட்டது, புது டயர் கேட்டால் ஆபீசில் ஆயிரம் கேள்வி கேட்பார்கள், கையில் இருந்ததை மாட்டினேன் என்றார். வருஷத்துக்கு ஒரு தடவை வண்டியைச் சோதிக்கிற பாஸிங்கில் பிடிப்பார்களே என்றேன். பாஸிங் போன மாதம்தான் முடிந்தது, அடுத்ததற்குள் பார்த்துக்கொள்ளலாம் என்றார். வெடிப்பைச் சொன்னேன், வயதைச் சொன்னேன், ஸ்டெப்னி உதிர்ந்ததைச் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“பட்டன் புதுசாட்டம் இருக்குதுன்னு நீதான சொன்ன? ஊர்ல இதவிட மோசமான டயர்ல லோடு அடிச்சவன்தான நீயி. இங்க வந்ததும் பெரிய இஞ்சினீயர் ஆயிட்டியா?”

சொன்னவன் நான்தான். வெட்டாதே என்று தடுத்தவனும் நான்தான். இந்தப் பஸ்ஸை நான் ஓட்ட மாட்டேன் என்று மட்டும் சொன்னேன். நீ ஓட்டாவிட்டால் ஓட்டுவதற்கு ஆளா இல்லை, சாயங்காலம் வேறு ஒருத்தன் போவான் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடக் கிளம்பினார்.

சாயங்காலம் வேறு ஒருத்தன் போவான். சாவி மாறும், டயர் மாறாது. அந்தத் தம்பி அதே சீட்டில் ஏறித் தலையைச் சாய்ப்பான். முதலாளி பிள்ளைகள் தூங்கக் கூடாத டயருக்கு மேலே இவன் தூங்கலாமா? ஒர்க்‌ஷாப்பில் கிரைண்டர் இருந்தது. எடுத்தேன்.

பின்னால் பக்கத்துக்கு இரண்டு சக்கரம், வெளிச் சக்கரத்தைக் கழற்றினால்தான் உள் சக்கரம் கைக்கு வரும். கழற்றினேன். ஒவ்வொன்றிலும் பக்கவாட்டை ஒரு முழ நீளத்துக்கு வெட்டினேன். இனி எந்த மகராசனும் அதில் காற்று அடிக்க முடியாது. யாரும் என்னைத் தடுக்கவில்லை. யார்டில் ஒருவன் கிரைண்டர் பிடித்து வேலை செய்தால் அது கம்பெனி வேலை என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள்.

அன்று சாயங்காலம் சைட்டில் முப்பது பேர் ரோட்டோரம் காத்துக் கிடந்தார்கள். இன்னொரு பஸ் தன் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பி வந்து ஏற்ற வேண்டியிருந்தது. நடந்தது என்ன என்று அதற்குள் கேம்ப் முழுக்கத் தெரிந்துவிட்டது. ரூமுக்கு வந்தவர்கள் என்னைத் தாண்டிப் போய் அவரவர் கட்டிலில் விழுந்தார்கள். அந்தத் தம்பி மட்டும் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னான்.

“டயர வெட்றதுக்கு முன்னாடி எங்கள கொஞ்சம் நெனச்சிப் பாத்திருக்கலாம்ணே.”

நான் அவனை அடிக்கப் போயிருப்பேன். யாரை நினைத்துடா வெட்டினேன் என்று கேட்டிருப்பேன். ஆனால் அவன் கண் இரண்டும் தூக்கத்தில் செருகிக்கொண்டிருந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மறுநாளே பஸ்ஸுக்குப் புது டயர் வந்தது. ஒரு வாரம், ஒரு வாரம் என்று இழுக்கிற ஆபீஸ், வண்டி நின்றுவிட்டது என்றதும் ஒரே நாளில் வாங்கியது. நான் நாலு எண்ணையும் படித்துப் பார்த்தேன். சரியாக இருந்தது.

மூன்றாம் நாள் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். மேனேஜர் வடநாட்டுக்காரர், ஹிந்தியில்தான் பேசுவார். பக்கத்தில் பொறுப்பாளர் நின்றார். எச்சரிக்கைக் கடிதம் ஆங்கிலத்தில் தயாராக இருந்தது. எழுதியவர் பொறுப்பாளர். எழுத்துக் கூட்டிப் படித்தேன். நல்ல நிலையில் இருந்த ஆறு டயர்களை வேண்டுமென்றே சேதப்படுத்தினான் என்றிருந்தது. இதே டயரைத் தகுதியில்லை என்று எழுதியதும் உங்கள் கைதானே, அந்தத் தாள் இதே ஆபீசில்தானே இருக்கிறது என்று தமிழில் அவரைக் கேட்டேன்.

அவர் கடிதத்தைப் பார்த்தபடியே, “அது மொதலாளி வண்டிக்கு எழுதுனது” என்றார்.

கையெழுத்துக்கு மேலே, ஊழியர் சொல்ல விரும்புவது என்று நாலு வரி இடம் விட்டிருந்தார்கள். பேனாவை வாங்கித் தமிழில் எழுதினேன். ஆறையும் வெட்டியது நான்தான், ஆட்கள் ஏறுகிற வண்டியில் மறுபடியும் அப்படி டயரைப் பார்த்தால் மறுபடியும் வெட்டுவேன். கையெழுத்துப் போட்டேன்.

என்ன எழுதியிருக்கிறான் என்று மேனேஜர் கேட்டார். அந்த அறையில் என்னைத் தவிரத் தமிழ் படிக்கத் தெரிந்தவர் பொறுப்பாளர் ஒருவர்தான். தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. தப்பு நடந்துவிட்டது, மன்னித்துவிடுங்கள் என்று எழுதியிருக்கிறான் சார் என்று ஹிந்தியில் சொன்னார். மேனேஜர் தலையாட்டிவிட்டு, முதல் தடவை என்பதால் விடுகிறேன், போ என்றார்.

என் வேலையைக் காப்பாற்ற அப்படிச் சொன்னாரா, தகுதியில்லை என்று எழுதிய தாளும் இந்தக் கடிதமும் ஒரே மேஜைக்கு வந்துவிடாமல் தன் வேலையைக் காப்பாற்றிக்கொண்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஹிந்தி எனக்கு நன்றாகத் தெரியும். இல்லை சார், அப்படி எழுதவில்லை என்று சொல்ல அரை நிமிஷம் போதும். வாயைத் திறந்தேன். ஊரில் மகள் காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். வாயை மூடிக்கொண்டேன்.

அந்தத் தம்பி இப்போதும் அதே சீட்டில்தான் தூங்கிக்கொண்டு போகிறான். நான் வெட்டிய ஆறு டயருக்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. ஆனால் அந்த ஆபீஸ் கோப்பில் நான் தமிழில் எழுதிய வரிகள், நான் கேட்காத மன்னிப்பாக என் கையெழுத்தோடு இருக்கின்றன. அன்று அதை நான் மறுக்கவில்லை.