அத்தை அழுத பகல் ஆட்டம்

பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் ராஜா கதைப் படம் ஒன்று ஓடுகிறது. போர்க்களக் காட்சியில் வயலின்கள் எல்லாம் ஒன்றாக எழுந்ததும் நான் ஜன்னலைச் சாத்தினேன். சாத்தியும் சரசு அத்தையின் முகம் வந்துவிட்டது.

அத்தை அப்பாவின் தங்கை. காலராவில் புருஷன் போனபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. பீளமேட்டில் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தாள். அவள் அழவே இல்லை. கல்நெஞ்சுக்காரி என்று ஊர் பேசியது.

பேசும்படம் வந்த புதிது. எனக்கு எட்டு வயது. அப்பா எங்களைக் கோயமுத்தூருக்குப் பகல் ஆட்டத்துக்குக் கூட்டிப்போனார். அம்மா கெஞ்சியதால் அத்தையையும் அழைத்துக்கொண்டார். படத்தில், போரில் இறந்த ராஜாவை வீரர்கள் சுமந்து வந்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. வயலினும் கிளாரினெட்டும் ஆர்மோனியமும் சேர்ந்து பெருகின. அத்தை நெஞ்சில் அடித்துக்கொண்டு கதறினாள்.

"என்னைய உட்டுப்போட்டுப் போயிட்டீங்களே!"

கொட்டகையே திரும்பிப் பார்த்தது. அப்பா அவளை வெளியே இழுத்து வந்தார். "மானத்த வாங்கிப்போட்டயே! இனி நீ ஊட்டு வாசலத் தாண்டப்படாது."

சில நாள் கழித்து அத்தை என்னை உள்ளே கூப்பிட்டாள். "கண்ணு, அந்த வாத்தியச் சத்தத்த ஒருக்காப் பாடிக் காட்டு சாமி. அழுகை பாதியில நின்னுபோச்சு."

பாடிப் பார்த்தேன். அத்தனை வாத்தியமும் என் ஒரு தொண்டையில் வரவில்லை.

"வரலீங்க அத்தை."

"செரி, போ" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அதன்பின் நாற்பது வருஷம் அந்த வீட்டிலேயே இருந்தாள். அப்பா செத்த அன்றும் அவளுக்கு அழுகை வரவில்லை.