சீட் கவருக்கு அடியில் போன பெல்ட்

இன்று அண்ணன் காரில் பெம்பான் ஊரிலிருந்து கிளினிக்குக்குக் கிளம்பினோம்.

பின்சீட்டில் மகளுக்கு பெல்ட் போடப் பார்த்தேன். மாட்டும் கொக்கியையே காணோம்.

"உட்கார்ந்தா குத்துது. அதான் புது சீட் கவருக்குக் கீழ தள்ளிட்டேன்," என்றார் அண்ணன்.

"பிரேக் போட்டா புள்ள முன்னால வந்து விழுவாண்ணே!"

"ரோட்பிளாக்ல போலீஸ்காரங்க மாஸ்க்க மட்டும்தான் பாப்பாங்க. கொரோனா அவசரகாலம்லா. மொதல்ல அத ஒழுங்கா மாட்டு."

கவரின் தையலைப் பிரித்துக் கொக்கியை வெளியே இழுத்தேன்.

"புதுக் கவர நாசம் பண்ணிட்டியே!" வழியெல்லாம் அதே பாட்டு.

டாஷ்போர்டில் பிள்ளையார். பிரேக் போட்டால் விழக்கூடாதென்று டேப் போட்டு ஒட்டியிருக்கிறார்.

பிள்ளையார் விழுவார் என்று தெரிந்தவருக்கு, என் மகள் விழுவாள் என்று மட்டும் தெரியவில்லை.

உங்கள் பின்சீட்டில் கொக்கி எங்கே? கையை விட்டுத் தேடிவிட்டு வந்து பதில் போடுங்கள்.