அடுப்படிக்கு வெளியே தேவகுமாரி

தேவகுமாரிக்கு அது தொடங்கியது இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு தை மாதம், புருசன் வேலுசாமி பழனிக்கு மாலை போட்டிருந்த நாட்களில். அவளுக்கு நாற்பது தாண்டியிருந்தது. பெருமாள்மலைக்குக் கீழே ஒரு தோட்டத்தில் காப்பிப் பழம் பறித்தாள். வேலுசாமி அதே தோட்டத்தில் ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்பை ஓட்டினார். இருவரும் சிறு வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கப்பலில் வந்தவர்கள். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் இரண்டே பேர்.

ஆசை என்று எதுவும் இல்லை. நினைப்பும் இல்லை. பழம் பறிக்கும்போது, சோறு வடிக்கும்போது, பெண்ணுறுப்பில் மட்டும் ஒரு கிளர்ச்சி வந்து நிற்கும். ரத்தம் ஏறித் துடிக்கும். மணிக்கணக்கில் தணியாது. தணிந்தாலும் திரும்ப வரும். ஜீப்பில் உட்கார்ந்தால் எஞ்சின் அதிர்வில் இன்னும் மோசம். அவள் நடந்தே வீட்டுக்குப் போகத் தொடங்கினாள்.

“என்னாடி, புருசன் ஓட்டுற ஜீப்பே கசந்துபோச்சா? குறுக்குப் பாதையில யாரு நிக்கா?” என்று கூடப் பழம் பறிக்கும் பொன்னுத்தாய் ஜீப்பிலிருந்து கத்தினாள். பெண்கள் சிரித்தார்கள். தேவகுமாரியும் சிரித்துவைத்தாள்.

பாதையில் யாரும் நிற்கவில்லை. உடம்பு மட்டும் யாரோ நிற்பதுபோல நடந்துகொண்டது. அதைத் தன் குற்றமாகவே எடுத்துக்கொண்டாள்.

இந்த உடம்போடு மாலை போட்டவருக்குச் சமைக்க முடியாது. காரணம் சொல்ல வார்த்தையும் இல்லை. பெண் அடுப்படிக்கு வெளியே உட்கார அந்த வீட்டுக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான்.

“வீட்டுக்குத் தூரம்ங்க” என்றாள்.

வேலுசாமி பாயைச் சுருட்டிக்கொண்டு, மாலை போட்ட மற்றவர்கள் தங்கும் கோயில் கொட்டகைக்குப் போனார். விலக்கு நாட்கள் முடிந்தும் அவள் தலைக்கு ஊற்றவில்லை. அவர் வாசலில் வந்து நின்றார்.

“இன்னுமா?”

“நிக்கலைங்க.”

மற்றவர்கள் பழனிக்குக் கிளம்பும் நாள் காலையில் அவர் வெறும் கழுத்தோடு வந்தார்.

“மாலை எங்கங்க?”

“பூசாரிட்ட கழட்டிக் குடுத்துட்டேன். ரத்தம் கொட்டிக் கெடக்குறவள விட்டுட்டு எங்க நடக்குறது? முருகன் எங்கயும் ஓடிற மாட்டான்.”

கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரு வருடம்கூட விடாமல் பழனிக்கு நடந்தவர். அடுப்பைப் பற்றவைத்துக் கஞ்சி வைத்தார். கூடுதலாக உப்புப் போட்டுவிட்டார். அவள் குடித்தாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வத்தலக்குண்டில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். பேருந்தில் மலை இறங்கும்வரை அவள் உட்காரவில்லை. வேலுசாமி சொன்னதை மட்டும் அங்கிருந்த டாக்டர் கேட்டார், அவளைச் சோதிக்கவில்லை. கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று நாள் குறித்தார். தோட்டத்தில் எடுத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். எடுத்தால் அது போய்விடும் என்று ஒரு நேரம் நினைத்தாள். எடுத்தால் தண்டனை முடிந்தது என்று இன்னொரு நேரம்.

அறுவைக்கு முந்தைய நாள் சோதிக்க வந்தவர் ஜஹீரா என்ற இளம் டாக்டர். பழனி கடைவீதிக் குடும்பத்துப் பெண்.

“ஒரு நாளைக்கு எத்தனை துணி மாத்துறீங்க?”

தேவகுமாரி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“ரத்தமே இல்லியேம்மா. ஸ்கேன்லயும் ஒண்ணும் இல்ல.” வேலுசாமியை வெளியே நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

சுவரைப் பார்த்துக்கொண்டு தேவகுமாரி சொன்னாள். “நெனப்பே இல்லம்மா. சத்தியமா. அதுபாட்டுக்கு வருது.”

“வந்தா பிடிச்சிருக்கா?”

“அய்யய்யோ. அறுத்து எறியலாம்னு இருக்கு.”

“அப்ப அது ஆசை இல்ல. நரம்புக் கோளாறு. வெளிநாட்டுல இப்பத்தான் இதுக்குன்னு ஒரு பேரு வச்சிருக்காங்க. நான் படிக்கும்போது யாரும் சொல்லித் தரல. எங்கயாவது விழுந்தீங்களா?”

ஐப்பசி மழையில் சரிவில் வழுக்கி, கல்லில் உட்கார்ந்தபடி விழுந்ததைச் சொன்னாள்.

“அதனாலயும் இருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா ஆபரேசன் வேண்டாம்.”

அது வரும்போது காலை இறுக்கி மூச்சை அடக்குவதாகத் தேவகுமாரி சொன்னாள். இறுக்கினால் கூடும், மூச்சை விட்டு அடிவயிற்றைத் தளர விடுங்கள் என்றார் டாக்டர். துணியில் சுற்றிய ஐஸ் வைக்கலாம். கெட்டியான பலகையில் வெகுநேரம் உட்காரக் கூடாது. ராத்திரி ஒரு மாத்திரை. மதுரையில் நரம்பு டாக்டர் ஒருவரைப் பார்க்க வேண்டும். “முழுசாப் போயிரும்னு சொல்ல மாட்டேன். குறையும். பயந்தா கூடும். உங்க வீட்டுக்காரர்ட்ட நான் சொல்லட்டுமா?”

“வேணாம்மா. பொய் சொன்னது நானு.”

தாழ்வாரத்தில் வைத்துச் சொன்னாள். வேலுசாமி நோயைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

“அப்ப ரத்தமே இல்லியா?”

“இல்லைங்க.”

“நான் மாலையக் கழட்டும்போது?”

“இல்லைங்க.”

அவர் வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தார். திரும்பும் பேருந்தில் முன்னால் தனியாக உட்கார்ந்துகொண்டார். அதன்பின் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. மாத்திரை சாப்பிட்டாள். மீன் கடையில் ஐஸ் வாங்கினாள். ஜீப்பில் ஸ்வெட்டரை மடித்துப் போட்டு உட்கார்ந்தாள். துடிப்பு வாரத்தில் ஓரிரு நாளாகக் குறைந்தது. அவர் தனக்காக விட்ட அந்த வருடத்து நடை மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

மறு வருடம் வேலுசாமி மாலை போட்ட அன்று, அவள் அடுப்பின் முன் நிற்கும்போது அது வந்தது. கரண்டியை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றாள்.

“என்னா, தூரமா?”

“இல்லைங்க. அந்த நரம்பு.”

வேலுசாமி சற்று நேரம் கழுத்து மாலையை உருட்டிக்கொண்டிருந்தார்.

“அப்ப உள்ள போயி சோத்தப் போடு. வெரசா.”

போட்டாள். அவர் தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டார். குழம்பு கேட்டார். ஊற்றினாள்.