முளையில் ஒரு சுற்று

நாடகக் கம்பெனியில் எனக்கு சீன் இழுக்கிற வேலை. மேடைக்கு மேலே மூங்கிலில் சுருட்டிய படுதாக்களுக்கு இரண்டு பக்கமும் கயிறு. இடது கயிறு என்னுடையது. வலது கயிறு இன்னொருவனுடையது. அவன் வயல் கூலிக்காரன். சங்கக் கொடி பிடித்தான் என்று எந்தப் பண்ணையிலும் சேர்க்காததால் எங்களிடம் வந்தவன். விசில் ஊதினால் இருவரும் ஒரே சீராக இழுக்க வேண்டும், தனி ஆளால் ஆகாது. அவன் தெருக்காரர்கள் எங்கள் வகையறாவை 'ஐயா' என்பார்கள். இவன் என்னை 'அண்ணே' என்றான். அதில் எனக்கு என்ன பெருமை! பெரிய சீர்திருத்தவாதி என்று நினைப்பு.

நீடாமங்கலம் பக்கம் ஓர் ஊரில் நாடகம். ஆட்சி மாறிய புதிது. சுவரெல்லாம் கறுப்பு சிவப்பு. வயலில் கூலித் தகராறு. மிராசுதார்கள் வெளியாட்களை இறக்கி, போலீஸ் காவலோடு நெல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். பந்தல் போட்டுக்கொடுத்த மிராசுதார் முன்வரிசை நாற்காலியில். பின்னால் மணலில் கூலிச் சனம்.

கயிற்றை அவரவர் பக்கம் மேடையோரம் அடித்த முளையில் இரண்டு சுற்று சுற்றி முனையைச் செருகுவது வழக்கம். பீடி அவசரத்தில் நான் ஒரே சுற்றோடு விட்டுப் போனேன். சோம்பேறிக் கழுதை! பண்ணையார் வேஷக்காரர் "இது என் பாட்டன் பூமிடா!" என்று மீசையை முறுக்கிய நேரம், மேலே சுருட்டியிருந்த காட்டு சீன் படுதா ஒருபக்கமாகச் சரிந்து மூங்கிலோடு அவர் தோளில் விழுந்தது. மணலில் இருந்தவர்கள் விசிலடித்துக் கொண்டாடினார்கள்.

மிராசுதார் விறுவிறுவென்று மேடைக்குப் பின்னால் வந்துவிட்டார்.

"எந்தப் பயடா வேணும்னே கயித்த விட்டது?"

கை தானாக நீண்டது என்றால் பொய். யோசித்துத்தான் நீட்டினேன். அவன் எந்தத் தெருக்காரன் என்பதை வைத்தே நம்பிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

"இவன்தாங்க."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு தன் முளையைப் பார்த்தான். அதில் கயிறு இரண்டு சுற்றோடு அப்படியே இருந்தது. கம்பெனி முதலாளிக்கும் எது யார் கயிறு என்று தெரியும். மிராசுதார் அவனை அறைந்தார். "நாடகம் முடிஞ்சதும் இவன் கம்பெனியில இருக்கக் கூடாது" என்றார். முதலாளி தலையாட்டினார்.

கடைசி சீனுக்கு விசில் ஊதினார்கள். அவன் முகத்தைப் பார்க்கக் கூசி நின்றேன். அவனே வந்து என் கயிற்றை எடுத்து என் கையில் கொடுத்தான்.

"தனியா இழுக்க முடியாது. புடிங்க" என்றான். தன் பக்கம் போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"இழுங்க, ஐயா."