ஜீப் விளக்கைப் பற்றி நான் எழுதிய செய்தி

அந்தப் புகைப்படத்தில் அவர் முகம் இல்லை. ஒரு ஜீப்பின் முன்பக்கம், வளையம் கழற்றிய இடது ஹெட்லைட், அதன் விளிம்புத் திருகில் நுழைந்த திருப்புளி, அதைப் பிடித்த கை. புறங்கையில் ஒரு பழைய சூட்டுத் தழும்பு. கூடலூரில் அந்தத் தழும்பை அறியாத ஓட்டுநர் இல்லை என்பதால் முகம் தேவைப்படவில்லை. படத்தை எடுத்தவன் நான். கீழே செய்தியை எழுதியவனும் நான்தான்.

அப்போது ஒரு நாளிதழின் கூடலூர்ப் பகுதிச் செய்தியாளனாக இருந்தேன். விடியும் முன்பே ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் குமுளி மலை ஏறும்; பொழுது சாயும்போது இறங்கும். வண்டியைத் தகுதிச் சான்றுக்குக் கொண்டுபோவதை 'எஃப்சி காட்டுவது' என்பார்கள். அதற்கு முன் ஹெட்லைட்டைச் சரிபார்க்க எல்லோரும் அந்தத் தழும்புக் கைக்காரரான எலக்ட்ரீசியன் அண்ணனிடம்தான் வருவார்கள். கடைச் சுவரில் அவர் இழுத்திருந்த கரிக்கோட்டில் வெளிச்சம் விழுந்தால் எஃப்சி நிச்சயம்.

சான்று வாங்கிய மறுநாளே அதே ஜீப்புகள் அவர் கடைக்குத் திரும்புவதைக் கவனித்தேன். எதிரே இருந்த டீக்கடையில் ஒரு நண்பகலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து குறித்துக்கொண்டேன்: வண்டி எண், நேரம், திருகை எத்தனை சுற்று திருப்பினார் என்பது வரை. ஆய்வு முடிந்ததும் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்படி விளக்கை உயர்த்திவிடுகிறார்கள் என்று எழுதினேன். திருப்பியதைப் பார்த்தவன், எந்தப் பக்கம் திருப்பினார் என்று பார்க்கவில்லை. கேட்கவும் இல்லை.

செய்தி வந்தபின் அவர் கடைக்கு வந்துபோன வண்டிகளை ஆய்வில் தனியே நிறுத்தினார்கள். ஓட்டுநர்கள் பயந்துபோய், எஃப்சிக்குப் பிறகு ஹெட்லைட்டைத் தொடுவதையே விட்டார்கள்.

அதே டீக்கடையில், தோட்டத்துக்குப் போகும் ஓர் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏந்தம்பி, நீங்கதான அந்த லைட்டுச் சேதிய எழுதுனது?"

பெருமையாகத்தான் தலையசைத்தேன்.

"எஃப்சிக்கு வெறும் வண்டியாப் போகுது. நாங்க பதினாலு பேரு பின்னாடி ஏறுனா அது மூஞ்சி வானத்தப் பாக்கும்ல? அதுக்குத்தான அவுக லைட்ட எறக்கி விடுவாக. விடியக்காலம் எங்கள ஒக்கார வச்சுத்தான் கடசியாப் பாப்பாக. 'ஆத்தா, அசையாம இருங்க, ஊர்க்கதைய நாளைக்குப் பேசலாம்'பாக."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். "எழுதுறதுக்கு முன்னாடி நீங்களும் ஒருக்கா ஏறியிருக்கலாம்ல. எடம் இல்லேன்னா மடியில வச்சிருப்போம்," என்றார் இன்னொருவர்.

அன்றே அண்ணனிடம் போனேன். ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"வாங்க தம்பி. அங்கன ரெண்டு மணி நேரம் இருந்தீக. இங்கன வர ரெண்டு நிமிசம் ஆகுமா?"

மறுப்புப் போடச் சொல்லவில்லை. "என் பேரு வேணாம். ஆளு ஏத்துறவுக லைட்டக் கொஞ்சம் எறக்கிக்கிடணும்னு நாலு வரி போடுங்க, போதும். பயபுள்ளைக ஒருத்தனும் இப்பத் தொட மாட்டேங்கிறான். மலையில எதிர்ல வாரவனுக்குக் கண்ணு கட்டிப் போகும்."

போடுகிறேன் என்றேன். அந்த நாலு வரி என் செய்தியைப் பொய்யாக்கிவிடும் என்பது எனக்குத் தெரியும். அலுவலகத்தில் அந்தச் செய்திக்காக என்னைப் பாராட்டியிருந்தார்கள். யானை வந்ததை எழுதினேன், மழை பெய்ததை எழுதினேன், ஏலக்காய் விலையை எழுதினேன், அதை எழுதவில்லை. அவர் மறுபடி கேட்கவும் இல்லை. வழியில் பார்த்தால், "சாப்டீகளா தம்பி?" என்பார். நான் அந்தத் தெருவைத் தவிர்க்க ஆரம்பித்தேன். அடுத்த ஆண்டு அவர் கடையைக் காலி செய்துவிட்டு மகள் ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

இப்போது நான் பத்திரிகையில் இல்லை. போன வாரம் பொழுது சாயும் நேரத்தில் காரில் குமுளி ஏறிக்கொண்டிருந்தேன். வளைவில் இறங்கி வந்த ஒரு ஜீப்பின் வெளிச்சம் நேராகக் கண்ணில் விழுந்தது. சாலை தெரியவில்லை. ஓரமாக ஒதுங்கி நின்றேன். ஓட்டுநரைத் திட்டுவதற்காகக் கண்ணாடியை இறக்கினேன். வண்டி கடந்தபோது பின்னாலிருந்து பெண்கள் பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. ஆள் ஏற்றினால் லைட்டை இறக்க வேண்டும் என்று அந்த ஓட்டுநருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன்.